எந்தெல்லா ஆற்று ஊர்களுக்கு வட்டார ரயில்: ஒரு மதிப்புரை

ஜெனோவா நகரின் பிரின்யோலே நிலையத்தில் புறப்பட்டு, லிகூரியாக் கடற்கரையின் ஊர்கள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று செஸ்த்ரி லெவாந்தே வரை செல்லும் சாதாரண வட்டார ரயிலைப் பற்றியது இந்த மதிப்புரை. வடமேற்கு இத்தாலிக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதையில் விரைவு ரயில் ஏறி, இடையிலுள்ள எதையும் பாராமல் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கிராமங்களுக்குப் போய், அங்கே உள்ள கூட்டத்தில் ஒரு பகலைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஐந்து கிராமங்களும் அழகானவைதாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றை அடைவதற்கு வெகு முன்பே, கியாவரி, லவான்யா என்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவே எந்தெல்லா என்ற சிற்றாறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பார்ப்பதற்கு இந்த மெதுவான ரயிலைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை என்பது என் முடிவு. சில குறைகளும் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஆற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கராஸ்கோ என்னும் ஊரையொட்டி லவான்யா, ஸ்தூர்லா, கிராவெல்யா ஆகிய மூன்று மலையோடைகள் அடுத்தடுத்து ஒன்றுசேர்ந்து எந்தெல்லா ஆகின்றன. அங்கிருந்து கடல் வரை உள்ள தூரத்தை ஒருவர் ஒரு முற்பகலில் நடந்தே முடித்துவிடலாம். படகுப் போக்குவரத்துக்கோ பெரிய பாசனத்துக்கோ பெயர்பெற்ற ஆறு அன்று இது. ஆயினும் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் தெய்வீக நாடகம் என்ற காவியத்தில், கழுவாய் மலையைப் பாடும் பகுதியின் 19ஆம் காண்டத்தில், செஸ்த்ரிக்கும் கியாவரிக்கும் இடையே இறங்கும் அழகிய ஆறு என்று இதைக் குறிப்பிடுகிறார். அந்தச் சொற்கள் ஐந்தாம் அட்ரியன் என்ற போப்பாண்டவரின் வாயிலிருந்து வருகின்றன. 1276இல் பதவியேற்று 38 நாட்களிலேயே இறந்துபோனவர் அவர். லவான்யாவின் பிரபுக்களான ஃபியெஸ்கி குடும்பத்தில் பிறந்தவர். பேராசைக்குக் கழுவாயாகக் குப்புறக் கிடக்கும் நிலையிலும், தம் குலத்தின் பட்டம் அந்த ஆற்றுக்கு வழங்கிய லவான்யா என்ற பெயரிலிருந்து வந்தது என்று அவர் சொல்வதாகக் கவிஞர் அமைத்திருக்கிறார். இத்தனை சிறிய ஆற்றுக்கு இப்படியொரு இடம் கிடைத்ததை அறிந்துகொண்டு ரயில் பாலத்தைக் கடப்பவருக்கு, அந்தச் சில நொடிகள் வேறு மாதிரியாகவே இருக்கும்.

இனி ரயிலுக்கு வருவோம். ஜெனோவாவிலிருந்து கியாவரி வரையிலான பாதை 1868இல் திறக்கப்பட்டது. லா ஸ்பெத்சியா வரை அது முழுமையடைந்தது 1874இல். மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இந்தக் கரையில் பாதை போட இடம் இருந்ததே அரிது. ஆகவே ரயில் மாறி மாறிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவருகிறது. வெளிவரும் இடங்களில் பெரும்பாலும் கடலை ஒட்டியே ஓடுகிறது. பிரின்யோலேயிலிருந்து புறப்படுபவர்கள் வண்டி செல்லும் திசையில் வலப்பக்கம் உட்கார வேண்டும். நெர்வி தாண்டியதும் பொலியாஸ்கோ, சோரி, ரெக்கோ என்று ஒவ்வொரு ஊரும் ஒரு சிறு விரிகுடாவுடன் தோன்றி, நாம் நன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். காட்சியை மட்டும் விரும்பி ஏறுபவர்களுக்கு இந்தச் சுரங்கங்கள் எரிச்சல் தரலாம். குறிப்பாக, கமோலியைத் தாண்டிப் போர்தோஃபினோ முனையின் மலையைக் குடைந்து செல்லும் நீண்ட சுரங்கத்தில் சன்னல் வெறும் கறுப்புக் கண்ணாடியாகிவிடுகிறது. ஆனால் இது நிலத்தின் அமைப்பால் வந்தது. ரயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி கியாவரியை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். சில ஊர்களில் மட்டும் நிற்கும் வட்டார விரைவு வண்டிக்கு அதைவிடக் குறைவு. பயணச்சீட்டின் விலை தூரத்தைப் பொறுத்தது. எப்போது வாங்கினாலும் அதே விலைதான் என்பதால், நெடுந்தூர ரயிலைப் போல வாரக்கணக்கில் முன்னதாகத் திட்டமிட வேண்டிய தேவை இல்லை. இருக்கை முன்பதிவும் கிடையாது. தாளில் அச்சிட்ட சீட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேர முத்திரை பெற்றாக வேண்டும். கைப்பேசியில் வாங்கியதாக இருந்தால், வண்டி கிளம்புமுன் அதிலேயே வருகையைப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாதவரிடம் சீட்டு இருந்தாலும் பரிசோதகர் அபராதம் விதிக்கலாம். வெளிநாட்டுப் பயணிகள் அடிக்கடி சிக்கிக்கொள்வது இந்த விதியில்தான். நடைமேடையில் இதைப் பற்றிய அறிவிப்பு இன்னும் தெளிவாகவும், இத்தாலியம் அறியாதவருக்கும் புரியும்படியும் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

இந்தச் சேவையின் மிகப் பெரிய சிறப்பு வேகமும் இல்லை, வசதியும் இல்லை. நிலையங்கள் அமைந்துள்ள இடம்தான். கியாவரியில் இறங்கினால், தோட்டத்து அன்னை என்று பொருள்படும் பெயருடைய பேராலயம் நிலையத்தின் வாசலுக்கு எதிரிலேயே நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய நகரின் நடுத் தெருவுக்கு வந்துவிடலாம். 1178இல் ஜெனோவாக் குடியரசு, மலையிலிருந்த ஃபியெஸ்கிகளை நோக்கி ஒரு காவல் அரணாக இந்த ஊரை அளந்து கட்டியது. கடலுக்கு இணையாக ஓடும் நீண்ட தெருக்களும், இருபுறமும் வளைவுகள் தாங்கிய நடைக்கூடங்களும் அந்தக் காலத்திலிருந்தே தொடர்கின்றன. கூடத்துத் தூண்கள் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சில குட்டையானவை, சில உயரமானவை, சில கறுப்புக் கல்லில் செதுக்கியவை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்தக் கூடங்களின் கீழேயே நடந்து கடைகளைப் பார்த்து முடித்துவிடலாம். காலையில் மாத்சீனி சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய மாத்சீனியின் தந்தையும் கரிபால்டியின் தந்தையும் இந்த ஊர்க்காரர்கள் என்பதில் கியாவரி மக்களுக்குப் பெருமை உண்டு.

ஆனால் என்னைப் பொறுத்தவரை கியாவரியில் பார்க்க வேண்டிய முதன்மையான பொருள் ஒரு நாற்காலி. 1807இல் காம்பனீனோ என்று அழைக்கப்பட்ட ஜுசெப்பே கயெத்தானோ தெஸ்கால்த்சி என்ற தச்சர், பாரிஸிலிருந்து கொண்டுவரப்பட்ட நாற்காலிகளைப் பார்த்து, அவற்றை எளிமையாக்கி, எடையைக் குறைத்து, ஒரு புதிய நாற்காலியைச் செய்தார். அதன் கால்கள் விரல் பருமனே இருக்கும்; இருக்கை மெல்லிய வில்லோ நாரினால் நெருக்கமாகப் பின்னப்பட்டது. ஒரு கையின் இரண்டு விரல்களால் தூக்கிவிடலாம். ஆனால் பருமனான ஒருவர் உட்கார்ந்தாலும் தாங்கும். சிற்பி கனோவா இதைப் பாராட்டியிருக்கிறார். கட்டடக் கலைஞர் ஜோ போன்தி 1957இல் வடிவமைத்துப் புகழ்பெற்ற, 1.7 கிலோ மட்டுமே எடையுள்ள மிக இலேசான நாற்காலிக்கும் மூல வடிவம் இதுவே. இன்று உலகெங்கும் திருமண விருந்துகளில் அடுக்கி வைக்கப்படும், பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்த்துத் தங்க வண்ணம் பூசப்பட்ட நாற்காலிகளும் கியாவரி என்ற பெயரைச் சுமந்துதான் வருகின்றன. அவற்றுக்கும் இந்த ஊரின் மர நாற்காலிக்கும் உள்ள உறவு பெயரளவானது. இழைத்துச் செய்யும் பட்டறைகள் கியாவரியில் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் காட்சி சன்னலுக்கு முன்னால் நின்று பார்த்தாலே, ஒரு ஊர் தன் கைவேலையில் எவ்வளவு சிந்தனையைச் செலுத்த முடியும் என்பது விளங்கும். இறங்காமல் கியாவரியைக் கடந்து செல்பவர்களுக்காக நான் வருந்துவது இதற்காகத்தான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சைவ உணவுக்காரர்களுக்கு இத்தாலியின் வேறு பல பகுதிகளைவிட லிகூரியா இசைவானது. கொண்டைக்கடலை மாவை நீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் ஃபரினாத்தா இங்கே அன்றாட உணவு; அதில் முட்டையோ பாலோ இல்லை. கியாவரியின் பழைய தெருவில் 1907 முதல் நடந்துவரும் லூக்கின் என்ற உணவகம் இதற்குப் பெயர்பெற்றது. காட்டுக் கீரைகளைப் பொதிந்து அக்ரூட் (வால்நட்) சாந்தில் புரட்டித் தரும் பான்சோத்தி என்ற மாவுப் பொதியும் நன்றாக இருக்கும். ஆனால் அதன் பூரணத்தில் பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் முட்டையும் இருக்கும் என்பதைக் கடுஞ்சைவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் ரெக்கோவில் இறங்குபவர்கள், ஈஸ்ட் சேர்க்காத இரண்டு மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே இளம் பாலாடைக்கட்டியை வைத்துச் சுட்ட ஃபொக்காச்சாவை அங்கேயே, சூடாக, தட்டிலிருந்து எடுத்ததும் சாப்பிட வேண்டும். 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்புப் பெற்ற பண்டம் அது. பொட்டலம் கட்டி ரயிலில் எடுத்துச் சென்றால் அதன் மொறுமொறுப்பு அடுத்த நிலையத்துக்குள் போய்விடும்.

கியாவரியிலிருந்து லவான்யாவுக்கு ரயிலில் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களில்தான் வண்டி எந்தெல்லாவைக் கடக்கிறது. வலப்பக்கம் கழிமுகம், இடப்பக்கம் ஆறு மேல்நோக்கி வளைந்து மலைகளுக்கிடையே மறைகிறது. கோடையில் நீர் அடங்கி, கரையோரத்தில் நாணல் அடர்ந்து, வாத்துகளும் நாரைகளும் மேய்ந்துகொண்டிருக்கும். கழிமுகப் பகுதி பறவைகளுக்காகப் பாதுகாக்கப்படுகிறது. இலையுதிர் காலத்தில் இதே ஆறு வேறு முகம் காட்டும். செங்குத்தான மலைச்சரிவுகளில் சில மணி நேரத்தில் கொட்டும் மழை முழுவதும் இந்தக் குறுகிய வாய்க்குத்தான் வந்து சேர வேண்டும். 2014 நவம்பரில் கியாவரியின் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. அருகிலுள்ள லேய்வியில் மண்சரிவில் உயிர்கள் பலியாயின. ஆகவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் பயணம் செய்பவர்கள் வட்டார வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் ரயிலையும் நம்ப முடியாது, ஆற்றங்கரை நடைபாதையையும் நம்ப முடியாது.

நான் பரிந்துரைப்பது, இந்த ஒரு நிலையத் தூரத்தை ரயிலில் ஒருமுறையும் கால்நடையாக ஒருமுறையும் கடப்பது. இரு ஊர்களுக்கும் இடையே சற்று மேலே, ஃபியெஸ்கிகள் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மக்தலேனா பாலம் இருக்கிறது. கரையோரமாக நடந்து அதை அடையலாம். லவான்யா நிலையத்தில் இறங்குபவருக்கு முதலில் கண்ணில் படுவது மிகப் பெரிய படகுத் துறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் நிற்கும் அந்தத் துறை, ஊரின் பழைய கடல் முகத்தை மறைத்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் லவான்யாவின் உண்மையான செல்வம் கடலில் இல்லை, மலையில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் உள்ள குன்றுகளிலும் ஃபொன்தனபுவோனா பள்ளத்தாக்கிலும் வெட்டியெடுக்கப்படும் கருஞ்சாம்பல் பலகைக்கல், ஜெனோவாவின் கூரைகளை வேய்ந்தது. பள்ளிகளின் கரும்பலகையாகவும் பில்லியர்ட்ஸ் மேசையின் அடித்தளமாகவும் உலகெங்கும் சென்றது. சாலை இல்லாத காலத்தில் அந்தப் பலகைகளைப் பெண்கள் தலைச்சுமையாக, செங்குத்தான பாதைகளில் வெறுங்காலுடன் கடற்கரை வரை சுமந்து வந்தார்கள். கியாவரியிலும் லவான்யாவிலும் வாயில் நிலைகளில், படிக்கட்டுகளில், கூரைகளில் என்று கண் படும் இடமெல்லாம் அந்தக் கல்லைப் பார்க்கலாம். சுமந்தவர்களை நினைக்காமல் அதைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

லவான்யாவிலிருந்து உள்நோக்கிச் சென்றால், கொகோர்னோவைச் சேர்ந்த சான் சல்வதோரே என்ற சிற்றூரில் ஃபியெஸ்கி பேராலயம் நிற்கிறது. நான்காம் இன்னசென்ட் என்ற பெயரில் போப்பாண்டவரான சினிபால்தோ ஃபியெஸ்கி தொடங்கிவைத்து 1252இல் முடிந்த கட்டடம் அது. வெள்ளைச் சலவைக்கல்லும் கருநிறப் பலகைக்கல்லும் வரிவரியாக அடுக்கிய முகப்பு, நடுவே வட்டச் சாளரம், எதிரே அதே வரிகளுடன் ஃபியெஸ்கிகளின் மாளிகை, இடையே ஒரு சிறு சதுக்கம். லிகூரியாவின் இடைக்காலக் கட்டடங்களில் இதைவிட நிறைவாக நிற்பவை சிலவே. ஆனால் சுற்றுலா நூல்கள் பலவற்றில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

ரயில் சேவையின் பெரிய குறை இங்கேதான் வெளிப்படுகிறது. ரயில் கடலோரத்தை மட்டுமே அறியும். ஆற்றின் போக்கில் மேலே செல்லாது. பேராலயத்துக்கும் கராஸ்கோவுக்கும் மலைப் பள்ளத்தாக்குகளுக்கும் பேருந்தைத்தான் நம்ப வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மலைப்பக்கம் செல்லும் பேருந்துகள் குறைந்துவிடும்; ஆகவே சான் சல்வதோரேக்குச் செல்ல வேலைநாளைத் தேர்ந்தெடுப்பது உசிதம். லவான்யாவிலிருந்து நடந்து செல்வதும் கடினமன்று. பாதையின் பெரும்பகுதி எந்தெல்லாவின் சமவெளியில் காய்கறித் தோட்டங்களுக்கு இடையே செல்கிறது.

மற்ற குறைகள் சிறியவை, ஆனால் சொல்ல வேண்டியவை. சிறு நிலையங்களில் ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லச் சுரங்கப் படிகளில் இறங்கி ஏற வேண்டும். பெரிய பெட்டிகளுடன் வருபவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது துன்பம். தங்குமிடத்தைக் கியாவரியில் அமைத்துக்கொண்டு, பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு, கைப்பையுடன் மட்டும் மற்ற ஊர்களுக்குச் சென்று வருவதே சிறந்த வழி. கோடையின் வார இறுதிகளில் ஜெனோவா மக்கள் கடலாட இதே ரயிலில்தான் வருகிறார்கள் என்பதால் காலையில் வரும் வண்டியிலும் மாலையில் திரும்பும் வண்டியிலும் நிற்க இடம் கிடைப்பதே அரிதாகும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அரிதான நிகழ்வு அன்று. ஆனால் அது முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்பதும், வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் இரவு 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பதும் பயணிக்குப் பாதுகாப்பு. விமானம் ஏற வேண்டிய நாளில் மட்டும் இந்தக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

வழியிலுள்ள மற்ற ஊர்களில், சோவாலியில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பேன். ஊரின் நடுவே, கடற்கரைச் சதுக்கத்தின் தலைக்கு மேல் ரயிலின் வளைவுப் பாலம் செல்கிறது. 1943 டிசம்பரில் நேச நாட்டு விமானங்கள் அந்தப் பாலத்தைக் குறிவைத்து வீசிய குண்டுகள் ஊரையே தரைமட்டமாக்கின. ரெக்கோவுக்கும் அதன் ரயில் பாலத்தால் அதே கதிதான். நாம் சுகமாக உட்கார்ந்து செல்லும் பாதைக்கு அந்த ஊர்கள் கொடுத்த விலை அது. பட்டும் வெல்வெட்டும் நெய்யும் தொழில் சோவாலியில் இன்றும் உயிருடன் இருக்கிறது. போர்தோஃபினோவுக்கு நிலையம் இல்லை. சாந்தா மார்கெரீத்தாவில் இறங்கிப் பேருந்திலோ படகிலோ செல்ல வேண்டும். பார்க்கலாம், ஆனால் விலைகள் அதிகம். முடிவு நிலையமான செஸ்த்ரி லெவாந்தேயில், ஒரு குறுகிய நிலமுனையின் இருபுறமும் இரண்டு விரிகுடாக்கள் இருக்கின்றன. 1833இல் அங்கே தங்கிச் சென்ற டென்மார்க்கின் சிறுவர் கதை எழுத்தாளர் ஆன்டர்சனின் நினைவாக ஒன்றுக்குக் கதைகளின் விரிகுடா என்று பெயர். மௌனத்தின் விரிகுடா எனப்படும் மற்றொன்றுதான் அழகில் உயர்ந்தது. அதை அதிகாலையில் பார்க்க வேண்டும். கோடை நண்பகலில் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது.

ஆகஸ்ட் மாதத்தில் செல்பவர்கள் 14ஆம் தேதி மாலையை லவான்யாவுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஓபித்சோ ஃபியெஸ்கி என்ற பிரபு சியேனாவைச் சேர்ந்த பியாங்கா என்ற பெண்ணை 1230இல் மணந்தபோது ஊர் மக்கள் அனைவருக்கும் கேக் பகிர்ந்தளிக்கப்பட்டதை நினைவுகூரும் விழா அன்று நடக்கிறது. ஆண்களுக்கு நீலச் சீட்டும் பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டும் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். அதே பெயர் எழுதிய மற்ற நிறச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, இருவரும் சேர்ந்து போனால்தான் கேக் துண்டு கிடைக்கும். முன்பின் அறியாதவர்கள் பெயரைக் கூவிக்கொண்டு ஒருவரையொருவர் தேடும் அந்த விளையாட்டில் வெளியூர்க்காரர்களும் கலந்துகொள்ளலாம். அன்றிரவு திரும்பும் ரயிலின் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கியாவரியில் தங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆற்றைக் கடந்து நடந்தே வீடு சேர்ந்துவிடலாம்.